இணையத்தில் கடை வைத்தவர்களுக்கு ஒரு சிக்னல்காரனின் குறிப்பு

நாக்பூரில் நம்மவர் வீடுகளில் வீட்டோடு செய்யும் தொழில் இப்போது பெருகிவிட்டது. அஜ்னி பக்கம் இட்லி மாவு, மனீஷ் நகரில் கேட்டரிங், தரம்பேட்டில் பரதநாட்டிய வகுப்பு, இன்னொரு வீட்டில் பட்டுப்புடவை, வேறொரு வீட்டில் கணக்கு டியூஷன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் விளம்பரம் என்றால் சங்கத்து அறிவிப்புப் பலகை, 'ஹிதவாதா' பத்திரிகையில் நான்கு வரி, கோயில் வாசலில் வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். இன்று ஆளுக்கு ஒரு வெப்சைட். வெப்சைட் வைத்த மறுவாரமே போன் வர ஆரம்பித்துவிடும். "உங்கள் கடையைக் கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம், மாதம் இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று இந்தியில் மிக மரியாதையாகப் பேசுவார்கள்.

அந்தப் போன்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, கொடுக்கிற காசு எங்கே போகிறது, எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையே இல்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத முயல்கிறேன். நான் வியாபாரியும் அல்ல, கம்ப்யூட்டர் படித்தவனும் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். "சிக்னல்காரருக்கு விளம்பரத்தில் என்ன வேலை?" என்று செயற்குழு நண்பர் ஒருவர் கேட்டார். சிக்னல் பிரிவில் எங்கள் வாழ்க்கையே எண்ணுவதில்தான் கழிந்தது. இணைய விளம்பரமும் அடிப்படையில் எண்ணுகிற வேலைதான் என்பது கொஞ்சம் உள்ளே போனதும் தெரிந்தது. கூகுள் நிறுவனமே 'ஸ்கில்ஷாப்' என்ற பெயரில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. ஓய்வுக்குப் பின் மத்தியான நேரங்களில் அவற்றைப் படித்தேன். விற்பவனே நடத்தும் பாடசாலை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பயனுள்ளவையே.

முதலில் கொஞ்சம் சரித்திரம். இணையப் பக்கத்தில் க்ளிக் செய்யும்படியான பட்டை விளம்பரம் 1994 அக்டோபரில் அமெரிக்காவில் 'ஹாட்வயர்ட்' என்ற தளத்தில் வந்தது. விளம்பரம் கொடுத்தவர்கள் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பெனியார். அப்போதெல்லாம் பத்திரிகையில் இடம் வாங்குவது போல இவ்வளவு நாளைக்கு இவ்வளவு பணம் என்ற கணக்கு. 1998-ல் பில் கிராஸ் என்பவர் தொடங்கிய 'கோ-டு டாட் காம்' தேடுபொறி ஒரு புது வழியைக் கொண்டுவந்தது. தேடும் சொல்லை ஏலம் விடுவது. விளம்பரத்தை யாராவது க்ளிக் செய்தால் மட்டும் காசு வாங்குவது. கூகுள் 2000 அக்டோபரில் 'ஆட்வேர்ட்ஸ்' என்ற பெயரில் தன் விளம்பரச் சேவையை ஆரம்பித்தபோது 350 விளம்பரதாரர்கள்தான் இருந்தார்கள். க்ளிக்குக்குக் காசு என்ற ஏல முறையை 2002-ல் அதுவும் எடுத்துக்கொண்டது. 2018-ல் அதன் பெயர் 'கூகுள் ஆட்ஸ்' என்று மாறியது. 2024-ம் ஆண்டில் மட்டும் விளம்பரத்தால் கூகுளுக்கு வந்த வருமானம் 26,400 கோடி டாலருக்கு மேல். நம் வீட்டு மாவு விளம்பரக் காசும் அந்தக் கடலில் ஒரு துளி!

இந்த ஏலம் நடக்கும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. காய்கறி மண்டியில் அதிகம் கேட்டவனுக்குச் சரக்கு. இங்கே அப்படி இல்லை. நீங்கள் ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு தருவீர்கள் என்பதோடு, உங்கள் விளம்பரமும் அது கொண்டுபோய் விடும் பக்கமும் தேடியவருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதையும் பார்க்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பெரிய கடைக்காரர் ஒருவர் க்ளிக்குக்கு 20 ரூபாய் கேட்கிறார், அவருடைய தரத்துக்கு 4 மதிப்பெண். இரண்டையும் பெருக்கினால் 80. நீங்கள் 12 ரூபாய்தான் கேட்கிறீர்கள், ஆனால் தரம் 8. பெருக்கினால் 96. நீங்கள்தான் மேலே. அதோடு, 12 ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய 80-ஐத் தாண்ட உங்கள் தரத்துக்கு எவ்வளவு தேவையோ, அதாவது 80-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 10 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்தால் போதும். இன்று நடைமுறையில் இந்தக் கணக்கில் தேடுபவரின் இடம், நேரம், கையில் உள்ள கருவி என்று இன்னும் பல சேர்ந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை இதுதான். சின்னக் கடைக்காரர் பெரிய கடைக்காரரை இங்கே முந்த முடிவது இதனால்தான். இதைப் போனில் பேசும் ஆசாமிகள் யாரும் சொல்ல மாட்டார்கள். "பட்ஜெட்டைக் கூட்டுங்கள்" என்பது ஒன்றே அவர்களுடைய மந்திரம்.

இனி நம் சங்கத்து அம்மையார் ஒருவருடைய அனுபவம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. கட்டுரையில் எழுத அனுமதி தந்தார். கணவர் காலமான பின் இட்லி மாவு, பொடி வகைகள், முறுக்கு விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பவர். ஓர் ஏஜென்ட் வந்து வெப்சைட், 'தேடலில் முன்னுக்குக் கொண்டுவருதல்', விளம்பரம் எல்லாம் சேர்த்து மாதம் 4,500 ரூபாய் என்று பேசி முடித்தார். எட்டு மாதம் கொடுத்திருக்கிறார். கூட்டிப் பாருங்கள், 36,000 ரூபாய். மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம்.

மாதக் கடைசியில் ஏஜென்ட் வண்ணக் காகிதத்தில் ஓர் அறிக்கை கொடுப்பாராம். "500 தளங்களில் பதிவு, 200 பின்னிணைப்பு, விளம்பரம் 1,80,000 முறை தோன்றியது" என்று இருக்கும். அம்மையாருக்கு ஒன்றும் புரியாது. மாவு விற்பனை பழைய அளவிலேயே இருந்தது. கடைசியில் பையன் அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அங்கிள், இதிலே எது நிஜம்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

500 தளங்களில் பதிவு செய்வது என்பது கூகுள் வருவதற்கு முந்தைய காலத்து வேலை. அப்போது யாஹூ போன்ற தொகுப்புகளில் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தால்தான் தளம் இருப்பதே தெரியும். இன்று அதற்கு அவசியமில்லை. 'சர்ச் கன்சோல்' என்ற கூகுளின் இலவசக் கருவியில் தளத்தைப் பதிவு செய்து, அதன் பக்கங்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டால் போதும். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் தளம் தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கத்தில் கோளாறு என்று எல்லாம் அதுவே காட்டும். ஒரு பைசா கிடையாது.

பின்னிணைப்பு சமாசாரம் இன்னும் வேடிக்கை. ஒரு தளத்துக்கு வேறு நல்ல தளங்கள் இணைப்புக் கொடுத்தால் அது மதிப்புள்ள தளம் என்பது, லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட யோசனை. நாலு பெரியவர்கள் ஒருவரை நல்லவர் என்றால் நாம் நம்புவது போல. உடனே காசுக்கு நல்லவர் என்று சொல்லும் கூட்டம் கிளம்பிவிட்டது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்று பெயர் வைத்து ஒரு திருத்தம் செய்து, இப்படி விலைக்கு வாங்கிய இணைப்புகள் உள்ள தளங்களைக் கூகுள் கீழே தள்ளியது. ஆக, 200 பின்னிணைப்பு மெய்யாகவே போடப்பட்டிருந்தால் அம்மையாரின் தளத்துக்குக் கெடுதல். போடப்படாமல் இருந்தால் காசு நஷ்டம். எது நடந்திருந்தால் தேவலை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

முதல் பக்கம் என்று சத்தியம் செய்தது என்னவாயிற்று? அம்மையாரின் போனிலேயே கடையின் பெயரைத் தட்டி, "பாருங்கள், முதலில் வருகிறது" என்று காட்டியிருக்கிறார். கடையின் பெயர் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயர். அது முதலில் வராமல் வேறு எது வரும்? அந்தப் பெயரைத் தெரிந்தவர் ஏற்கெனவே வாடிக்கையாளர்தானே! தெரியாதவர் என்ன தட்டுவார் என்பதுதான் கேள்வி. அதோடு, ஒரே போனில் ஒரே தளத்தைப் பலமுறை பார்த்திருந்தால் அந்தப் போனில் அது முன்னால் வருவதற்கும் வாய்ப்பு உண்டு. முதல் இடத்தை யாராலும் உத்தரவாதமாகத் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறது.

1,80,000 முறை தோன்றியது பொய் அல்ல. ஆனால் தோன்றுவது வேறு, க்ளிக் வேறு, போன் செய்து கேட்பது வேறு, காசு கொடுத்து வாங்குவது வேறு. அறிக்கையில் முதல் எண் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. மற்ற மூன்றும் இல்லவே இல்லை.

இங்கே எனக்கு எங்கள் ஆக்ஸில் கவுண்டர் ஞாபகம் வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டவாளத்தில் ஒரு பகுதியின் இரண்டு முனையிலும் உணர்கருவி வைத்திருப்போம். வண்டி உள்ளே நுழையும்போது எத்தனை அச்சு என்று ஒரு முனை எண்ணும். வெளியேறும்போது மறுமுனை எண்ணும். இரண்டும் சமமாக இருந்தால்தான் பாதை காலி என்று காட்டும். உள்ளே 232 போய் வெளியே 228 வந்தால், நாலு அச்சு, அதாவது ஒரு நாலு சக்கர ஜோடி வேகன் உள்ளேயே அறுந்து நிற்கிறது என்று பொருள். அடுத்த வண்டிக்கு சிக்னல் கிடைக்காது. உள்ளே போனதை மட்டும் எண்ணும் கருவியை ரயில்வேயில் எவரும் வாங்க மாட்டார்கள். விளம்பரத்தில் மட்டும் நாம் அதைத்தான் வாங்குகிறோம்.

பையனை உட்கார வைத்து விளம்பரக் கணக்கைத் திறக்கச் சொன்னேன். "அங்கிள், கணக்கு அவங்க பேர்ல இருக்கு, நமக்குப் பாஸ்வேர்ட் கிடையாது" என்றான். வெப்சைட்டின் பெயர் யார் பேரில் பதிவு என்று கேட்டேன். அதுவும் ஏஜென்ட் பேரில். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறான ஏற்பாடு. அம்மையார் பணம் கொடுப்பதை நிறுத்திய பத்தாம் நாள் வெப்சைட் மறைந்துபோயிற்று. மாவுக் கவரிலும் பொடிப் பாக்கெட்டிலும் அந்த முகவரியை அச்சடித்து ஐயாயிரம் உறை வீட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, பெயரை மாற்றிக் கொடுக்க இன்னும் 15,000 ரூபாய் ஆகும் என்று பதில் வந்தது. "அண்ணா, என் கடைப் பேரை நானே காசு கொடுத்து வாங்கணுமா?" என்று அந்த அம்மாள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

நாங்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டோம். 'டாட் இன்' என்று முடியும் புதுப் பெயர் ஒன்றை அவருடைய சொந்த ஈமெயிலில், சொந்தக் கார்டில் வாங்கினோம். முதல் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஐயாயிரம் உறையிலும் பழைய முகவரி மேல் ஸ்டிக்கர் ஒட்டும் வேலையைக் குடும்பமே நான்கு ராத்திரி செய்தது. (தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் பெயரும் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாக்பூர் வாடிக்கையாளர் அதை எப்படித் தட்டுவார்?)

புதுப் பெயர் வந்ததும் முதல் வேலையாக விளம்பரத்துக்குப் போகவில்லை. 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' என்று ஓர் இலவசப் பதிவு உண்டு. மேப்பில் கடையின் பெயர், போன் நம்பர், திறக்கும் நேரம், படங்கள் வருவது இதனால்தான். இடத்தை வீடியோ எடுத்துக் காட்டியோ வேறு வழியிலோ உறுதி செய்துகொள்வார்கள். இதற்குக் கூகுள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் பதிவு ரத்தாகப் போகிறது, இவ்வளவு கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் கட்டிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். மாவு அரைக்கும் கிரைண்டர், நிரப்பிய பாக்கெட், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் தெரியும் உறை என்று ஆறு படம் போட்டோம். செவ்வாய் விடுமுறை என்று எழுதினோம். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான், விளம்பரத்துக்கு முன்பே.

அடுத்து விளம்பரம். இந்த முறை கணக்கு அம்மையார் பேரில். நாளைக்கு 100 ரூபாய், பதினான்கு நாள் மட்டும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நாளைக்கு 100 என்று போட்டால் சில நாள் 200 வரை எடுத்துவிடுவார்கள். மாதம் முழுவதும் ஓடினால் மொத்தத்தில் 30.4 நாள் கணக்கைத் தாண்ட மாட்டார்கள். இது தெரியாமல் மூன்றாம் நாளே பதறுபவர்கள் உண்டு. தினமும் பார்த்து வந்தோம்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மிகக் கவனம் வேண்டும். நாக்பூர் என்று குறித்தால் நாக்பூரில் இருப்பவருக்கு மட்டும்தான் காட்டுவார்கள் என்று நினைப்போம். அவர்களாகவே வைத்திருக்கும் ஏற்பாடு அப்படி இல்லை. நாக்பூரில் ஆர்வம் காட்டியவர் என்று தோன்றினால் புனேயில் உட்கார்ந்திருப்பவருக்கும் காட்டும். மாவைப் புனேக்கு அனுப்பினால் போய்ச் சேரும்போது பொங்கி வழிந்திருக்கும்! அதை மாற்றி, அங்கே இருப்பவர்களுக்கு மட்டும், வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் என்று வைத்தோம்.

சொற்களைத் தேர்ந்தெடுத்ததுதான் ரசமான பகுதி. நமக்கு அது மாவு. இங்கே தேடுகிறவர் மாவு என்று தட்டுவாரா? 'இட்லி பேட்டர்', 'டோசா பேட்டர்' என்பார். 'டோஸா கா கோல்' என்று இந்தியில் தட்டுவோரும் உண்டு. தமிழர்களுக்கு விற்கத் தமிழ் போதும், ஆனால் தமிழர்களுக்குத்தான் கடை ஏற்கெனவே தெரியுமே. ஆகவே விளம்பரத்தை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதினோம். மராத்தியை எதிர்வீட்டுப் பெண்மணி எழுதிக் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து, மக்கள் உண்மையில் எதைத் தட்டி நம் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலை எடுத்தோம். கணக்கின் உள்ளே தேடல் சொற்கள் என்ற தலைப்பில் இருக்கும். சிக்னல் கோளாறு வந்தால் டேட்டா லாகர் பதிவை எடுத்து விநாடி விநாடியாகப் பார்ப்போமே, அதே மாதிரி. அதில் 'இட்லி பேட்டர் செய்வது எப்படி', 'தோசை மாவு பிசினஸில் லாபம் எவ்வளவு', 'வெட் கிரைண்டர் விலை', 'கேட்டரிங் வேலைவாய்ப்பு' என்றெல்லாம் இருந்தது. செய்முறை தேடுபவர் வீட்டில் அரைக்கப் போகிறவர். லாபம் தேடுபவர் நமக்குப் போட்டியாக வரப் போகிறவர்! இவர்களுடைய க்ளிக்குக்கும் நாம்தான் காசு கொடுத்திருக்கிறோம். செய்முறை, லாபம், விலைக்கு மெஷின், வேலை என்ற சொற்களை வேண்டாத சொற்கள் பட்டியலில் சேர்த்தோம். இப்படி ஒரு பட்டியல் இருப்பதையே அந்த ஏஜென்ட் எட்டு மாதத்தில் ஒருமுறையும் சொல்லவில்லை. ஒரு குறை: 2020 செப்டம்பருக்குப் பிறகு மிகச் சிலரே தட்டிய சொற்களைக் கூகுள் நமக்குக் காட்டுவதில்லை. காசு மட்டும் வாங்கிக்கொள்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வெளியே வரும் அச்சை எப்படி எண்ணுவது? பெரிய கடைகளுக்கு 'அனலிடிக்ஸ்' போன்ற கருவிகள் உண்டு. (பழைய அனலிடிக்ஸ் 2023 ஜூலையோடு நின்றுவிட்டது, இப்போதுள்ளது நான்காம் பதிப்பு.) ஆனால் வாட்ஸ்அப்பில் கேட்டு, வாசலில் வந்து காசு கொடுத்து வாங்கும் வியாபாரத்தை எந்தக் கருவி பார்க்கும்? அம்மையாரின் கணக்கு நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டோம். புதிதாக வருபவரிடம் "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டு அதில் எழுத வேண்டும். அவ்வளவுதான் கருவி. பென்சில் செலவு தனி.

பதினான்கு நாள் முடிவில் கணக்கு இது. க்ளிக் 140, ஒன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் 1,400 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 252. ஆக 1,652 ரூபாய். வாட்ஸ்அப்பில் விசாரித்தவர்கள் 18 பேர். வாங்கியவர்கள் 7 பேர். ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர 236 ரூபாய் செலவு. ஒரு முறை இரண்டு பாக்கெட் மாவு விற்றால் அம்மையாருக்கு நிற்பது 40 ரூபாய். "அண்ணா, ஒருத்தருக்கு 196 ரூபாய் நஷ்டமா?" என்று அந்த அம்மாள் திகைத்துப் போனார்.

அங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஏழு பேரில் நான்கு பேர் அடுத்த வாரமும் வந்தார்கள், அதற்கடுத்த வாரமும் வந்தார்கள். முதல் விற்பனையில் ஏழு நாற்பது 280 ரூபாய் கிடைத்துவிட்டது. பாக்கி 1,372. நான்கு பேர் மூலம் வாரம் 160 ரூபாய். ஒன்பதாவது வாரத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவது லாபம். வாராவாரம் வாங்குகிற மாவுக்கு இந்த விளம்பரம் கட்டுபடியாகும் என்று தெரிந்தது. வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு வாங்குகிற முறுக்குக்குக் கட்டுபடியாகாது. அதையும் சோதித்துப் பார்த்துவிட்டு முறுக்கு விளம்பரத்தை நிறுத்தினோம். நடன வகுப்பு, டியூஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாணவர் சேர்ந்தால் வருடக் கணக்கில் வருவார், அவர்களுக்கு ஒரு க்ளிக்குக்கு நாற்பது ரூபாய் கொடுத்தாலும் நஷ்டமில்லாமல் போகலாம். அவரவர் தொழிலுக்கு அவரவர் நோட்டுப் புத்தகம்தான் பதில் சொல்லும். இந்தக் கணக்கைப் போடாமல் நல்லது கெட்டது சொல்வது ஜோசியம்.

ஏஜென்ட்டுகள் எல்லோருமே இப்படி என்று நான் சொல்லவில்லை. பெரிய வியாபாரத்துக்கு இதையே முழுநேரமாகப் பார்க்க ஆள் வேண்டும். நன்றாகச் செய்பவர்கள் நம் பிள்ளைகளிலேயே இருக்கிறார்கள். ஆள் வைத்துக்கொள்கிறவர்கள் வெப்சைட் பெயரும் விளம்பரக் கணக்கும் தங்கள் பேரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஜென்ட் தன்னுடைய மேலாளர் கணக்கிலிருந்து உங்கள் கணக்கை இணைத்துக்கொண்டு வேலை செய்யலாம்; வேண்டாமென்றால் நீங்கள் ஒரே நிமிடத்தில் துண்டிக்கலாம். விளம்பரக் காசு உங்கள் கார்டிலிருந்து நேராகக் கூகுளுக்குப் போகட்டும், ஏஜென்ட்டின் கூலி தனியாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே பில்லில் கலப்பவரிடம், எவ்வளவு விளம்பரத்துக்குப் போயிற்று என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

கூகுளின் ஆட்களே சில சமயம் அழைத்து யோசனை சொல்வார்கள். மரியாதையானவர்கள்தான். ஆனால் அவர்கள் சொல்லும் யோசனைகளில் செலவைக் குறைப்பது அபூர்வம். கணக்குக்குள் 'பரிந்துரைகள் தானாக அமலாகும்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, வேண்டாததை நிறுத்தி வையுங்கள். பாயிண்ட்ஸ்மேனைக் கேட்காமல் பாயிண்ட் தானே திரும்பினால் என்ன ஆகும்! 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் வைத்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். போட்டியைப் பற்றிய கவலை இல்லாமல் விளம்பர விலையை ஏற்ற அதனால் முடிந்தது என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. 2025 ஏப்ரலில் விளம்பரத் தொழில்நுட்பம் பற்றியும் இன்னொரு நீதிபதி அதற்கு எதிராகவே சொன்னார். ஏலத்தை நடத்துபவரும், தராசைப் பிடிப்பவரும், கணக்கு எழுதுபவரும் ஒருவரே என்றால் நம் நோட்டும் ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லதுதானே.

கடைசியாக, சங்கத்து வெப்சைட் பற்றி. சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர், நம் தளத்தில் பிறர் விளம்பரம் போட்டுச் சங்கத்துக்கு வருமானம் தேடலாமே என்றார். 2003-ல் தொடங்கிய கூகுளின் 'ஆட்சென்ஸ்' சேவை 2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. (இந்திக்கு 2014-லேயே கிடைத்தது, நமக்கு மூன்று வருடத்துக்கு மேல் காத்திருப்பு.) வருமானத்தில் சுமார் 68 சதவீதம் தளத்துக்காரருக்கு. ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். விழா அறிவிப்பும் இரங்கல் செய்தியும் மட்டும் போடுகிற நம் தளத்துக்கு நூறு டாலர் சேர எத்தனை காலம் ஆகும் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. உடனே இன்னொரு நண்பர், "அதனாலென்ன, உறுப்பினர் எல்லாரும் தினம் காலையில் காப்பி குடித்துவிட்டுப் பத்து க்ளிக் செய்வோமே" என்றார். சபை கைதட்டியது. தன் தளத்து விளம்பரத்தைத் தானே க்ளிக் செய்வது அங்கே கடும் குற்றம். கணக்கை மூடி, சேர்ந்த பணத்தை விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திருப்பிவிடுவார்கள். அந்தப் பத்து க்ளிக்கில் ஒன்று நம் மாவுக்கார அம்மையார் கொடுத்த பத்து ரூபாயாகவும் இருக்கலாம் என்று சொன்ன பிறகுதான் தீர்மானம் கைவிடப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் நான் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். ஏஜென்ட் கொடுத்த அறிக்கை, பில், வெப்சைட் பெயர் வாங்கிய ரசீது எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பாஸ்வேர்டை மட்டும் என்னிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள். போன் சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள், நூலகத்தில் இருந்த ஒன்றையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.